உணவுக்குழாய்ப் புற்றுநோயில் டியூமர் மார்க்கர் பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.இ.ஏ. 18 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

சி.இ.ஏ. ஒரு டியூமர் மார்க்கர், அதாவது புற்றுநோய் இருக்கும்போது ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம். அந்த ஓர் எண்ணை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்பவை எண்டோஸ்கோப்பி, பயாப்சி, எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு, மார்பு–வயிறு சி.டி., பெட்–சி.டி. ஆகியவை. சி.இ.ஏ.வின் பொது வரம்பு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். புகைபிடிப்பவர்களுக்கு 5-ஐ ஒட்டியோ சற்றே தாண்டியோ இருப்பது வழக்கம். 18 என்பது அதையெல்லாம் தாண்டிய அளவு என்பதால் ஈரலையும் எலும்பையும் ஸ்கேனில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பது நியாயம். ஸ்கேனில் பரவல் ஒன்றும் இல்லையென்றால் இந்த 18 சிகிச்சைத் திட்டத்தை மாற்றாது. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க அளவாகக் கோப்பில் இருக்கும். அதுதான் அதன் முதன்மையான பயன்.

இந்த நோய்க்கு எந்தெந்த மார்க்கர்களைப் பார்க்கிறார்கள்?

முதலில் நோயின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உணவுக்குழாயில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்குவாமஸ் எனப்படும் செதிள் செல் வகை மேல், நடுப் பகுதிகளில் அதிகம் வருகிறது. புகையிலை, மது, பாக்கு மெல்லுதல் ஆகியவற்றோடு சேர்ந்தது. இந்தியா, சீனா, ஜப்பான், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் இதுவே மிகுதி. அடினோகார்சினோமா எனப்படும் சுரப்பிச் செல் வகை, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வருவது. நாள்பட்ட அமில எதிர்க்களிப்பும் உடல் பருமனும் இதன் பின்னணி. மேற்கு நாடுகளில் இது அதிகம்.

செதிள் செல் வகைக்கு எஸ்.சி.சி. ஆன்டிஜென், சைஃப்ரா 21-1, சி.இ.ஏ., பி53 எதிர்ப்பொருள் ஆகியவற்றை அளக்கிறார்கள். சுரப்பிச் செல் வகைக்கு சி.இ.ஏ.வும் சி.ஏ. 19-9-உம். பல ஆய்வகங்கள் வைத்திருக்கும் வரம்புகள்: எஸ்.சி.சி. 1.5 நானோகிராம், சைஃப்ரா 3.3 அல்லது 3.5 நானோகிராம், சி.ஏ. 19-9 37 யூனிட், பி53 எதிர்ப்பொருள் 1.3 யூனிட், எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு. கருவி மாறினால் வரம்பும் மாறும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் வலது ஓரம் அச்சிட்டிருக்கும் வரம்பைத்தான் பார்க்க வேண்டும், இணையத்தில் கிடைப்பதை அல்ல.

இவற்றில் எதுவும் உணவுக்குழாய்க்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. சி.இ.ஏ. 1965-இல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் கட்டியிலிருந்து பிரித்தது. எஸ்.சி.சி. ஆன்டிஜென் 1977-இல் ஜப்பானில் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து கிடைத்தது. சைஃப்ரா என்பது சைட்டோகெரட்டின் 19 என்ற செல் எலும்புக்கூட்டுப் புரதம் உடைந்து ரத்தத்தில் கலக்கும் துண்டு. இத்தகைய புரதங்கள் இயல்பான செல்களிலும் இருப்பதால்தான், நோயே இல்லாதவரிடமும் இந்த மார்க்கர்கள் சில நேரம் கூடிக் காட்டுகின்றன.

மார்க்கர் கூடினால் ஆயுள் குறையும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளாக அறுவை சிகிச்சையோ கீமோ–ரேடியேஷனோ பெற்றவர்களின் கோப்புகளை எடுத்து, சிகிச்சைக்கு முந்தைய மார்க்கர் அளவை வைத்து அவர்களைக் கூடியவர், குறைந்தவர் என்று பிரித்து, இரு பக்கமும் எத்தனை பேர் எத்தனை காலம் இருந்தார்கள் என்று பார்க்கிறார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் இத்தகைய ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டுகின்றன: சிகிச்சைக்கு முன் எஸ்.சி.சி., சைஃப்ரா, சி.இ.ஏ. கூடியிருந்தவர்களின் குழு சராசரியாகக் குறைந்த காலமே இருந்தது.

காரணமும் புரியக்கூடியதே. கட்டி பெரிதாக இருந்தால், சுவரைத் துளைத்து ஆழமாகப் போயிருந்தால், நிணநீர்க் கணுக்களுக்கு எட்டியிருந்தால், ரத்தத்தில் கொட்டும் புரதமும் அதிகம். அதாவது மார்க்கர் பெரும்பாலும் நோயின் கட்டத்தையே வேறு வழியில் சொல்கிறது. இதனால்தான் ஆழம், கணுக்கள், பரவல் ஆகிய மூன்றையும் கணக்கில் சேர்த்தபிறகு பல ஆய்வுகளில் மார்க்கரின் தனிப் பங்கு சுருங்கிவிடுகிறது, சிலவற்றில் மறைந்தே போகிறது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாம் கணக்கைத்தான். அது இல்லாத ஆய்வு புதிதாக எதையும் நிரூபிக்கவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் ஹசார்டு ரேஷியோ 1.8 என்றால் என்ன?

குறிப்பிட்ட எந்த நேரத்திலும், மார்க்கர் கூடியவர்களின் குழுவில் இறப்பு நேரும் வேகம் மற்றக் குழுவைப்போல 1.8 மடங்கு என்று பொருள். ஆயுள் 1.8 மடங்கு குறையும் என்று பொருள் இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். மார்க்கர் இயல்பாக உள்ள 100 பேரில் 3 ஆண்டு முடிவில் 60 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேக விகிதம் 1.8 என்றால் கூடியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 40 பேர் இருப்பார்கள் (0.6-ஐ 1.8 அடுக்குக்கு உயர்த்தினால் 0.4). வேறுபாடு பெரியதுதான். ஆனால் நன்றாக இருந்த குழுவிலும் 40 பேர் இறந்திருக்கிறார்கள், மோசமான குழுவிலும் 40 பேர் இருக்கிறார்கள். தனி ஒருவர் எந்தப் பக்கம் என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது.

பக்கத்தில் 95% இடைவெளி என்று ஒன்று இருக்கும், உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதை அது காட்டும். 1.2 முதல் 2.7 வரை என்றால் பரவாயில்லை. 0.9 முதல் 3.6 வரை என்றால் அந்த இடைவெளிக்குள் 1 விழுகிறது (1 என்றால் இரு குழுவுக்கும் வேறுபாடே இல்லை), முடிவு நிலையானதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: வரம்பை எப்படித் தேர்ந்தார்கள்? ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்து, இரு குழுக்களுக்கும் இடைவெளி அதிகம் தெரியும் எண்ணையே வரம்பாக எடுத்திருந்தால் அந்த முடிவு வேறு மருத்துவமனையில் அப்படியே வராது. இந்தக் குறைகளைத் தவிர்க்கத்தான் மார்க்கர் ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2005-இல் ரீமார்க் என்ற வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அதற்குப் பிறகும் இவற்றைப் பின்பற்றாத கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் அவற்றைப் படித்துவிட்டு நம்பிக்கை இழப்பவர்கள் நோயாளிகள்.

எல்லா மார்க்கரும் இயல்பாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

தொடக்கக் கட்ட நோயில் எஸ்.சி.சி.யும் சி.இ.ஏ.வும் பெரும்பாலானோருக்கு இயல்பாகவே இருக்கும். முற்றிய நோயிலும் கூட கணிசமானவர்களுக்கு எந்த மார்க்கரும் கூடுவதில்லை. சில கட்டிகள் அந்தப் புரதத்தைச் சுரப்பதே இல்லை. சி.ஏ. 19-9-இல் இன்னொரு சிக்கல்: மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் லூயிஸ் ரத்தவகைக்குரிய நொதி இல்லாமல் பிறந்தவர்கள். அவர்களால் அந்த மூலக்கூறைச் செய்யவே முடியாது. கட்டி எவ்வளவு பெரிதானாலும் அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

விழுங்கும்போது அடைப்பதுபோல் இருக்கிறது, எடை இறங்குகிறது என்றால் மார்க்கர் எதுவாக இருந்தாலும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களிடம் இந்த ரத்தப் பரிசோதனைகளால் நோயைத் தேடுவதும் வீண். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இவற்றைச் சேர்த்து விற்பது பயத்தையும் தேவையில்லாத ஸ்கேன்களையும்தான் கூட்டுகிறது.

புற்றுநோய் அல்லாத எந்தக் காரணங்களால் அளவு கூடும்?

எஸ்.சி.சி.: சிறுநீரகச் செயலிழப்பு, சோரியாசிஸ், எக்சிமா போன்ற தோல் நோய்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்த அளவை நம்பவே முடியாது.

சைஃப்ரா: சிறுநீரகக் கோளாறு, நுரையீரல் தழும்பு நோய், நிமோனியா. உணவுக்குழாய் அடைபட்டவர்களுக்கு உணவும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவது அடிக்கடி நடக்கிறது. அந்த வாரத்தில் எடுத்த சைஃப்ராவை ஒதுக்கிவைத்துவிட்டு, தொற்று தணிந்து மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி எடுப்பது நல்லது. மார்பில் ரேடியேஷன் பெற்ற பின் வரும் நுரையீரல் அழற்சியின்போதும் இதே எச்சரிக்கை.

சி.இ.ஏ.: புகைபிடித்தல், ஈரல் நோய்கள், குடல் அழற்சி. சி.ஏ. 19-9: பித்த நாள அடைப்பு, கணைய அழற்சி, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை.

மார்க்கர் எடுக்கும் அன்றே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் ஈரல் பரிசோதனையையும் சேர்த்து எடுத்தால் பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

ரத்தம் எடுப்பதிலும் ஆய்வகத்திலும் என்னென்ன தவறு நேரும்?

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சாதாரண சீரம் குழாயில் 3 முதல் 5 மி.லி. போதும். அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்க வேண்டும். உடனே பரிசோதிக்காவிட்டால் 2–8 டிகிரியில் வைக்கலாம், நாள் கடந்தால் உறைநிலையில்.

எஸ்.சி.சி.க்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. தோல், எச்சில், வியர்வை, பொடுகு ஆகியவற்றில் இந்த ஆன்டிஜென் ஏராளமாக உண்டு. குழாயின் வாயை வெறும் விரலால் தொட்டாலோ, திறந்த குழாயின்மேல் பேசினாலோ தும்மினாலோ அளவு பொய்யாக ஏறிவிடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, குழாயை மூடியே வைத்திருப்பதுதான் தீர்வு. ஸ்கேன் சுத்தமாக இருந்து எஸ்.சி.சி. மட்டும் திடீரென்று பல மடங்கு ஏறியிருந்தால், புதிய மாதிரி எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர். அவற்றில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பைப் பயன்படுத்தும் கருவிகளில் இது மார்க்கர் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுபற்றி 2017-இல் எச்சரித்தது. இரண்டு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது பாதுகாப்பு. சிலர் ரத்தத்தில் விலங்குப் புரதங்களோடு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை அளவைப் பொய்யாக ஏற்றும். சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்த்து மறுபடி அளப்பார்கள், அல்லது வேறு நிறுவனக் கருவியில் ஓட்டுவார்கள்.

கடைசியாக, ஆய்வகத்தை மாற்றாதீர்கள். ஒரே சீரத்தை இரண்டு நிறுவனக் கருவிகளில் அளந்தால் இரண்டு எண்கள் வரும். சென்ற முறை ஓரிடம், இந்த முறை வேறிடம் என்று எடுத்து 2.1 என்பது 3.0 ஆகிவிட்டது என்று தூக்கம் கெடுவதில் பொருளில்லை.

எப்போதெல்லாம் எடுக்க வேண்டும்?

உலகின் முக்கியச் சிகிச்சை வழிகாட்டிகள் உணவுக்குழாய் நோயில் ரத்த மார்க்கரைக் கட்டாயப் பரிசோதனையாக வைக்கவில்லை. ஜப்பானில் வழக்கமாக எடுக்கிறார்கள். எடுப்பது என்று முடிவு செய்தால் முறையாக எடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை. கீமோ–ரேடியேஷன் முடிந்து அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு முறை. அறுவை சிகிச்சை முடிந்து 4 முதல் 6 வாரத்தில் ஒரு முறை. பிறகு முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் என்பதால் இந்த இடைவெளி.

தொடக்கத்தில் இயல்பாக இருந்த மார்க்கரைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பதில் பயன் குறைவு. தொடக்கத்தில் கூடியிருந்து, சிகிச்சைக்குப் பின் இறங்கிய மார்க்கர்தான் கண்காணிப்புக்கு ஏற்றது.

இறங்கும் வேகமும் ஒன்றுபோல் இல்லை. எஸ்.சி.சி.யின் அரை ஆயுள் (ரத்தத்தில் அளவு பாதியாகும் நேரம்) சில மணி நேரம்தான். கட்டியை முழுதாக எடுத்தால் சில நாளிலேயே இயல்புக்கு வந்துவிடும். சி.இ.ஏ.வுக்கு அரை ஆயுள் சுமார் 3 முதல் 7 நாள், ஆகவே ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பி53 எதிர்ப்பொருள் ஐ.ஜி.ஜி. வகை, மூன்று வாரத்துக்குத்தான் பாதியாகும். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும்.

சிகிச்சைக்குப் பிறகு மார்க்கர் ஏறத் தொடங்கினால்?

பதற்றப்படும் முன் மூன்று கேள்விகள். ஒரே ஆய்வகமா? ஏற்றம் எவ்வளவு? நடுவில் நிமோனியா, சிறுநீரகக் கோளாறு, புதிய மருந்து ஏதாவது உண்டா?

நோயே மாறாமல் இருக்கும்போதும் அளவு ஏறி இறங்கும். முந்தைய அளவைவிடக் கால் பங்குக்கும் குறைவான ஏற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு மேல் என்றால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டாம் முறையும் ஏறியிருந்தால் சி.டி. அல்லது பெட்–சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் மார்க்கர் மட்டும் ஏறுகிறது என்பதற்காகக் கீமோ தொடங்குவது சரியில்லை. ஸ்கேனை ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எடுப்பதே முறை. கீமோவின் முதல் சுற்றுக்குப் பின் கட்டிச் செல்கள் உடைந்து மார்க்கர் சில நாள் ஏறி இறங்குவதும் உண்டு.

பி53 எதிர்ப்பொருள் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இது கட்டி சுரக்கும் பொருள் இல்லை. பி53 மரபணு மாறிய செல்களில் அந்தப் புரதம் தேங்குகிறது, உடல் அதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. செதிள் செல் வகையில் பெரும்பாலான கட்டிகளில் பி53 மாற்றம் உண்டு. ஆனாலும் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் எதிர்ப்பொருள் உருவாகிறது. கட்டியின் பருமனை நம்பி இல்லாததால் தொடக்கக் கட்டத்திலும் சிலருக்குத் தெரிகிறது. எஸ்.சி.சி.யோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு நிரப்பும். சிகிச்சைக்குப் பிறகும் இறங்காமல் நிற்பது, முதல் அளவைவிட, கவலைப்பட வேண்டிய சேதி.

ஆயுளைப் பற்றி மார்க்கரைவிட நம்பகமாகச் சொல்வது எது?

வரிசையாகச் சொல்வதானால், வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது முதலாவது. அடுத்து, நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை. ஒன்றிரண்டில் நோய் இருந்தால் என்1, 3 முதல் 6 வரை என்2, 7-உம் அதற்கு மேலும் என்3. அறுவை சிகிச்சையில் குறைந்தது 15 கணுக்களையாவது எடுத்துப் பார்த்திருந்தால்தான் இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு. நோயியல் ரிப்போர்ட்டில் 'எடுத்தவை 6, நோயுள்ளவை 0' என்று இருந்தால் அது '22-இல் 0' என்பதற்குச் சமம் இல்லை. மூன்றாவது, வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்பது.

முன்கூட்டிக் கீமோ–ரேடியேஷன் பெற்றவர்களுக்கு இன்னொரு பலமான அடையாளம் உண்டு. எடுத்த உணவுக்குழாயில் உயிருள்ள புற்றுச் செல்லே இல்லாத நிலை. நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு 2012-இல் வெளியானது. 5 வாரம் பாக்ளிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள், கூடவே 23 தவணையில் 41.4 கிரே ரேடியேஷன், அதன்பின் அறுவை. செதிள் செல் வகையில் 49 சதவீதம் பேருக்கும், சுரப்பிச் செல் வகையில் 23 சதவீதம் பேருக்கும் இந்த நிலை கிட்டியது. இடைநிலை ஆயுள் (குழுவில் பாதிப்பேர் தாண்டிய காலம்) அறுவை மட்டும் செய்தவர்களில் 24 மாதம், இந்த முறையில் 49 மாதம். சிகிச்சைக்கு முந்தைய எந்த ரத்த மார்க்கரும் இந்த அளவுக்கு ஒருவரின் போக்கைச் சொன்னதில்லை.

இதோடு நோயாளி எழுந்து நடமாடும் நிலை, ஆறு மாதத்தில் இழந்த எடை. பத்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியவர் எந்தச் சிகிச்சையையும் தாங்குவது கடினம். மார்க்கரில் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எடையில் உண்டு. மூக்குவழிக் குழாய், சிறுகுடல் ஊட்டக் குழாய் எதுவானாலும் தாமதிக்காமல் வைத்து ஊட்டத்தைத் தொடங்குவது போக்கையே மாற்றும்.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஏதாவது தெரியுமா?

தெரியும். ரத்தப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இரண்டும் சேர்ந்தால் மாற்றியமைத்த கிளாஸ்கோ மதிப்பெண் 2. சி.ஆர்.பி. மட்டும் கூடினால் 1. கூடாவிட்டால் 0. மதிப்பெண் ஏற ஏற போக்கு மோசம் என்று பல புற்றுநோய்களில் கண்டிருக்கிறார்கள்.

ஜப்பானின் ஒனோடெரா 1984-இல் சொன்ன ஊட்டக் குறியீடு இன்னும் எளிது: ஆல்புமினை 10-ஆல் பெருக்கி, லிம்போசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்டுவது. ஆல்புமின் 3.2, லிம்போசைட் 1,400 என்றால் 32 கூட்டல் 7, அதாவது 39. 40-க்குக் கீழ் என்றால் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் ஊட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதமும் பேசப்படுகிறது. ஆனால் தொற்று இருக்கும்போதும், பாக்ளிடாக்சலுக்கு முன் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஊசிக்குப் பிறகும், வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்ட வாரத்திலும் அது அர்த்தமற்றது.

பயாப்சித் திசுவில் பார்க்கும் மார்க்கர்கள்?

செலவு செய்வதானால் இங்கே செய்யுங்கள் என்பது எங்கள் கருத்து. ரத்த மார்க்கர் போக்கைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. திசு மார்க்கர் எந்த மருந்து கொடுக்கலாம் என்பதைச் சொல்கிறது.

ஹெர்2 (கட்டிச் செல்லின் மேற்பரப்பில் உள்ள, வளர்ச்சியைத் தூண்டும் புரதம்), சுரப்பிச் செல் வகைக்கு. 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு, 2+ என்றால் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்து உறுதி செய்ய வேண்டும். 2010-இல் வெளியான டோகா ஆய்வில், ஹெர்2 உள்ள, பரவிய இரைப்பை மற்றும் உணவுக்குழாய்–இரைப்பை இணைப்புப் புற்றுநோயில், கீமோவோடு ஹெர்2-ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.8 மாதம், கீமோ மட்டும் 11.1 மாதம். ஆனால் அதே மருந்தை அறுவைக்கு முந்தைய கீமோ–ரேடியேஷனோடு சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் பயன் தெரியவில்லை.

பி.டி.-எல்1 (நோய் எதிர்ப்புச் செல்களைக் கட்டிக்கு எதிராக இயங்கவிடாமல் தடுக்கும் புரதம்), இரண்டு வகைக்கும். சி.பி.எஸ். என்ற மதிப்பெண்ணாக வரும். சாயம் ஏறிய கட்டிச் செல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் ஆகியவற்றைக் கூட்டி, உயிருள்ள கட்டிச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவது. கீநோட்-590 ஆய்வில் செதிள் செல் வகையில் சி.பி.எஸ். 10-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் (உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டுவது) சேர்த்ததில் இடைநிலை ஆயுள் 8.8 மாதத்திலிருந்து 13.9 மாதமாகக் கூடியது. மதிப்பெண் 1-க்கும் கீழே உள்ளவர்களுக்குப் பயன் ஐயத்துக்குரியது. லட்சக்கணக்கில் செலவாகும் மருந்து என்பதால் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது.

செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் நேரும் பொருத்தப்பிழையைத் திருத்தும் நான்கு புரதங்களில் ஒன்று இல்லாமல் இருப்பது இந்த நோயில் அரிது. ஆனால் இருந்துவிட்டால் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்யும், ஆகவே கேட்டுவிட வேண்டும். இணைப்புப் பகுதியின் சுரப்பிச் செல் வகையில் ஹெர்2 இல்லையென்றால் கிளாடின் 18.2 என்ற புரதத்தைப் பார்க்கலாம். முக்கால்வாசிக் கட்டிச் செல்களிலாவது மிதமான அல்லது அடர்த்தியான சாயம் ஏறியிருந்தால் சோல்பெட்டுக்சிமாப் என்ற மருந்துக்குத் தகுதி.

மோசமான போக்கைச் சொல்லும் மார்க்கரைக் குறிவைத்து மருந்து கொடுத்தால் பலன் கிடைக்காதா?

எப்போதும் இல்லை. செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் அதற்குச் சான்று. செதிள் செல் கட்டிகளில் இது மிகுந்திருப்பதும், மிகுந்தால் போக்கு மோசம் என்பதும் பல ஆய்வுகளில் வந்தது. அதைத் தடுக்கும் செட்டுக்சிமாப்பை கீமோ–ரேடியேஷனோடு சேர்த்துப் பார்த்தது பிரிட்டனின் ஸ்கோப்1 ஆய்வு. 2013-இல் முடிவு வந்தபோது, மருந்து சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 22.1 மாதம், சேர்க்காதவர்களுக்கு 25.4 மாதம். பக்கவிளைவு கூடி, அடிப்படைச் சிகிச்சையே தடைபட்டது. போக்கைச் சொல்வது வேறு, மருந்துக்குப் பதில் தருவது வேறு. ஒரு மார்க்கர் இரண்டில் எதைச் செய்கிறது என்பதைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்யும் ஆய்வுதான் சொல்லும்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாமா?

சிகிச்சை முடிந்த பின்னும் ரத்தத்தில் கட்டி டி.என்.ஏ. தென்படுபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம், ஸ்கேனில் தெரிவதற்குச் சில மாதம் முன்பே அது தெரியவும் செய்கிறது. பழைய மார்க்கர்களைவிடக் கூர்மையானது. ஆனால் அந்த முடிவை வைத்துச் சிகிச்சையை மாற்றினால் ஆயுள் கூடும் என்று இந்த நோயில் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆய்வுத் திட்டத்தில் இலவசமாகச் செய்தால் சேரலாம். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம்.

இடைநிலை ஆயுள் 12 மாதம் என்று படித்தோம். எங்கள் அப்பாவுக்கு ஒரு வருடம்தானா?

அந்தக் குழுவில் பாதிப்பேர் 12 மாதத்துக்கு மேல் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். அந்த மேல் பாதி 13 மாதத்தில் நிற்பதில்லை, சிலர் பல ஆண்டு வரை போகிறார்கள். எண்ணும் பழைய சிகிச்சைக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். மருத்துவரிடம் 'எத்தனை மாதம்' என்று கேட்பதைவிட, 'நல்லபடியாகப் போனால் எப்படி, நடுத்தரமாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி' என்று கேளுங்கள். வீட்டு வேலைகளையும் பணத்தையும் திட்டமிட அந்தப் பதில் உதவும். நோயாளிக்குத் தெரிய வேண்டுமா என்று குடும்பம் மட்டும் கூடி முடிவு செய்துவிடாமல், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

திசு மார்க்கர் சரியாக வர, பயாப்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹெர்2, பி.டி.-எல்1 இரண்டும் கட்டி முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே எண்டோஸ்கோப்பியில் 6 முதல் 8 துண்டு எடுக்கச் சொல்லுங்கள். புண்ணின் நடுவில் அழுகிய திசுதான் வரும், ஓரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் 10 சதவீதத் தாங்கல் ஃபார்மலினில் போட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் வைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த துண்டு நீண்ட விடுமுறையில் அப்படியே கிடந்தால் ஹெர்2 முடிவு கெடும். பி.டி.-எல்1 பார்க்கக் குறைந்தது 100 உயிருள்ள கட்டிச் செல்களாவது வேண்டும்.

ரிப்போர்ட் வந்த பிறகு வேறு மருத்துவமனைக்குப் போவதானால் காகிதம் மட்டும் போதாது. மெழுகில் பதித்த திசுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் பயாப்சி எண்ணோடு எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகங்கள் அவற்றைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கின்றன. கீமோ–ரேடியேஷன் முடிந்தபின் புதிய திசுவில் கட்டிச் செல்லே கிடைக்காமல் போகலாம் என்பதால், சிகிச்சைக்கு முன் எடுத்து மெழுகில் பதித்த அந்தத் திசுவை வீணாக வெட்டித் தீர்த்துவிடாமல் ஹெர்2, பி.டி.-எல்1, பொருத்தப்பிழைப் புரதங்கள் மூன்றையும் ஒரே முறையில் வெட்டிச் செய்யும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.